தனியாக நடக்கிறவர்கள் இருக்கிறீர்களா? (கொழும்பு ஈரநிலங்கள், குளக்கட்டுகள், காட்டுப்பாதைகள்)

தேன்சிட்டு – வெள்ளவத்தை
ஜனவரி 11, இரவு 8.40

ஒரு வருடமாக ஞாயிறு விடியத் தனியாக நடக்கப் போகிறேன். பெரும்பாலும் பிட்டகோட்டேயில் இருக்கிற பெத்தகான ஈரநிலப் பூங்கா. சில நாள் தலவத்துகொடைப் பக்கம் தியசரு பூங்கா. எப்போதாவது தலங்கம குளக்கட்டு. எனக்கு வயது நாற்பத்தாறு, வேலை கணக்கு வழக்கு. கிழமையில் ஆறு நாள் தொலைபேசியும் ஆட்களும் கணினித் திரையும். ஞாயிறு இரண்டரை மணித்தியாலம் மட்டும் நான் வாய் திறப்பதில்லை.

தொடக்கத்தில் ஒரு தோழியோடுதான் போனேன். அருமையான பிள்ளை. ஆனால் இரண்டு பேரும் கதைத்துக் கதைத்தே சுற்றி வந்துவிடுவோம். மூன்று ஞாயிறு போயும் கண்டது கொக்கும் கபரகொய்யாவும்தான் (நீர் உடும்பு). நாலாம் ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல். போகாமல் விடுவோமா என்று யோசித்து, பிறகு போனேன். பலகைப் பாதையில் ஓரிடத்தில் சும்மா நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, காலுக்குக் கீழே கோரைக்குள்ளிருந்து கானாங்கோழி ஒன்று வெளியே வந்தது. வெள்ளை நெஞ்சு, வாலை ஆட்டி ஆட்டி நடக்கும், எல்லாருக்கும் தெரிந்த பறவைதான். அதன் பின்னால் கரி நிறத்தில் நாலு குஞ்சு. தாய் சேற்றைக் கிளறும், குஞ்சுகள் ஓடி வந்து கொத்தும். என் செருப்புக்கு நேர் கீழே பத்து நிமிடம் அப்படியே நடந்தது. மேலே ஒரு மனுசி நிற்கிறாள் என்பதை அவை கணக்கில் எடுக்கவேயில்லை. அன்றைக்குப் பிறகு நான் யாரையும் கூப்பிடவில்லை. தோழியிடம் காரணத்தைச் சொன்னேன், அவள் கோபிக்கவில்லை.

இன்றைக்குக் காலை ஈரச் சேற்றில் ஒரு தடம் கண்டேன். பூனைத் தடம் மாதிரி, ஆனால் வீட்டுப் பூனையினதை விடப் பெரிது. நகமும் பதிந்திருந்தது. மீன்பிடிப் பூனையாக இருக்குமா? வீட்டுக்கு வந்து இவ்வளவு நேரமாகியும் அதே நினைவாக இருக்கிறது, அதுதான் எழுதுகிறேன்.

இங்கே தனியாகப் போகிறவர்கள் யார் யார்? எங்கே போகிறீர்கள்? வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போகிறீர்கள்?

---

இலைக்கோழி – நுகேகொடை
ஜனவரி 11, இரவு 9.25

அக்கா, நான் விலங்கியல் படிக்கிறேன், அதனால் தடத்தைப் பற்றி மட்டும் முதலில். பொதுவாகப் பூனைத் தடத்தில் நகம் பதியாது, நாய்த் தடத்தில் பதியும். ஆனால் மீன்பிடிப் பூனையின் நகம் முழுவதாக உள்ளே போகாது, அதனால் சேற்றில் நக அடையாளம் வரலாம். அப்படியென்றால் எப்படிப் பிரித்தறிவது? உருவத்தைப் பாருங்கள். நாயின் தடம் நீளவாக்கில், இடமும் வலமும் ஒத்தபடி இருக்கும், நடு இரண்டு விரலும் சமமாக முன்னால் நிற்கும். பூனையின் தடம் வட்டமாக இருக்கும், ஒரு விரல் சற்று முந்தி நிற்கும். படம் எடுத்திருந்தால் பக்கத்தில் ஒரு நாணயமாவது வைத்தீர்களா?

மீன்பிடிப் பூனை கொழும்பில் இருக்கிறது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். சிங்களத்தில் ஹந்துன் திவியா. குட்டையான வால், உருண்டு திரண்ட உடம்பு, முன்கால் விரல்களுக்கிடையில் கொஞ்சம் சவ்வு. தண்ணீருக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும். கழுத்துப்பட்டி மாட்டி ஆராய்ந்தபோது, நகரத்தின் நடுவில் வீட்டுத் தோட்டத்துக் குளங்களில் அலங்கார மீன் பிடித்துத் தின்ற பூனையும் அகப்பட்டது. நாங்கள் தூங்குகிற நேரத்தில் மதிலுக்கு மேலாலும் வாய்க்கால் ஓரமாகவும் அது போய் வருகிறது.

ஒரேயொரு வேண்டுகோள்: தடம் கண்ட சரியான இடத்தை இங்கே எழுதாதீர்கள்.

---

தேன்சிட்டு
ஜனவரி 11, இரவு 9.50

நாணயம் வைக்கவில்லை தம்பி, என் கைவிரலை வைத்து எடுத்தேன். வட்டம்தான். ஒரு விரல் முந்தித்தான் நிற்கிறது. இடத்தைச் சொல்ல மாட்டேன்.

---

ஒரு தகப்பன் – தெஹிவளை
ஜனவரி 12, காலை 6.15

தங்கச்சி, ஆசையைக் குறை சொல்லவில்லை. எனக்கும் மரமும் பறவையும் பிடிக்கும். ஆனால் பெண்ணோ ஆணோ, தனியாகப் போவது சரியென்று எனக்குப் படவில்லை. தியவன்னா ஏரியில் முதலை இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னர் வெள்ளவத்தை, தெஹிவளைக் கடலிலேயே முதலை கண்டு எல்லாரும் பயந்து போனோம். பாம்பு இருக்கிறது. கட்டாக்காலி நாய்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் விட மனிதர்கள் இருக்கிறார்கள். விழுந்து கால் முறிந்தால் யார் தூக்குவது? என் மகளுக்கும் இதே ஆசை. நான் விடவில்லை. நாலு பேராகப் போனால் என்ன குறைந்துவிடும்?

---

முகத்துவாரத்தான்
ஜனவரி 12, காலை 10.05

நாலு பேராகப் போனால் குறைவது பறவைதான் ஐயா.

எனக்கு அறுபத்தொன்பது. வேலையை விட்டதிலிருந்து விடிய ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டு இறங்கி மட்டக்குளிக் காக்கைத்தீவுக் கடற்கரைக்கு நடக்கிறேன். களனி கங்கை கடலில் சேருகிற இடம். குப்பையும் ஒதுங்கும், மீனும் ஒதுங்கும், பறவையும் ஒதுங்கும். மழைக்காலம் முடிய வடக்கேயிருந்து வருகிற கடற்காகங்களும் ஆலாக்களும் மணல் திட்டில் வரிசையாக நிற்கும், எல்லாம் காற்று வருகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. காற்று மாறினால் வரிசையும் திரும்பும். அதைப் பார்த்துத்தான் நான் காற்றின் திசையைச் சொல்வேன். செம்பருந்து ஒன்று வள்ளங்களுக்கு மேலே வட்டமிட்டபடி இருக்கும்.

மனைவி போய் ஆறு வருடம். முதல் வருடம் வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. வெளியில் தனியாக இருக்க முடிந்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டில் அவள் இருந்த இடங்கள் வெறுமையாக இருந்தன. கடற்கரையில் எந்த இடமும் வெறுமையாக இல்லை, நண்டு கூட ஓடிக்கொண்டே இருக்கும்.

தனியாகப் போகிறவர் கொஞ்சம் கவனமாகப் போவார். கூட்டமாகப் போகிறவர்கள் ஒருவர் மற்றவரை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார்கள். நான் கண்டதைச் சொல்கிறேன்.

---

ராஜன்_ந – மஹரகம
ஜனவரி 12, பகல் 1.30

தகப்பன் அண்ணை சொன்னதில் ஒரு விசயம் எனக்கு நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

போன ஒக்டோபரில் ஒரு குளக்கட்டில் தனியாகப் போய்ச் சறுக்கிக் கணுக்கால் பிரண்டுவிட்டது. முதல் நாள் மழை. பாசி பிடித்த கல். மேலே இருந்த மரங்கொத்தியைப் பார்த்துக்கொண்டு கால் வைத்தேன், அவ்வளவுதான். முறியவில்லை, ஆனால் ஊன்ற முடியவில்லை. தொலைபேசியில் மின்சாரம் நாலு வீதம். காலையிலிருந்து குருவிச் சத்தம் பதிவு செய்து தீர்த்திருந்தேன். மனைவியிடம் "நடக்கப் போகிறேன்" என்று மட்டும் சொன்னேன், எங்கே என்று சொல்லவில்லை. மாடு கட்ட வந்த ஒரு சிங்களப் பெரியவர்தான் தோளைக் கொடுத்து வீதிவரை கொண்டுவந்து விட்டார். அவர் வராவிட்டால் பகல் முழுக்க அங்கேயே இருந்திருப்பேன்.

அதற்காக நான் நிறுத்தவில்லை. மூன்று விசயத்தை மாற்றினேன். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வட்ஸ்அப்பில் எழுதிவிட்டுப் போகிறேன். சத்தம் பதிவதென்றால் வேறு சின்னக் கருவி, தொலைபேசியைத் தொடுவதில்லை. பார்க்கிறதென்றால் நிற்கிறேன், நடக்கிறதென்றால் காலடியைப் பார்க்கிறேன். இந்தக் கடைசிப் பழக்கம் வந்த பிறகுதான் அதிகம் காண்கிறேன். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், அந்த இலக்கம் எல்லாருடைய நினைவிலும் இருக்கட்டும்.

---

ஆறாம் மாடி – பம்பலப்பிட்டி
ஜனவரி 12, இரவு 10.20

நான் இதுவரை எழுதாமல் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வயது இருபத்தேழு. அடுக்குமாடியில் ஆறாம் மாடி. எங்கள் பல்கனிக்குப் பின்னேரம் ஆறரைக்கு வௌவால்கள் வரிசையாகப் போவது தெரியும், விஹாரமகாதேவிப் பூங்கா மரங்களில் தலைகீழாகத் தொங்குகிற பெரிய பழந்தின்னிகள். அவ்வளவுதான் என் காடு.

தேன்சிட்டு அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். விலங்கு எனக்குப் பயமில்லை. யாரும் இல்லாத பாதையில் எதிரே ஒரு ஆள் வந்தால் என்ன செய்வீர்கள்? அதை நினைத்துத்தான் நான் இரண்டு தடவை உடுத்து வெளிக்கிட்டும் போகாமல் இருந்துவிட்டேன்.

---

தேன்சிட்டு
ஜனவரி 13, காலை 5.40

தங்கச்சி, நேராகச் சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

ஒரு தடவை நடந்தது. நான் சொன்ன மூன்று இடங்களிலும் இல்லை, வேறொரு குளக்கட்டு. ஒரு ஆள் எனக்குப் பின்னால் வந்தார். நான் நின்றால் அவரும் நின்றார். நான் திரும்பி, அவரைக் கடந்து, வந்த வழியே வீதிக்கு நடந்தேன். ஓடவில்லை. கடக்கும்போது முகத்தைப் பார்த்து, தொலைபேசியைக் காதில் வைத்து, "அண்ணா, நான் பாலத்தடிக்கு வந்துவிட்டேன், நீங்கள் நில்லுங்கோ" என்று சத்தமாகச் சொன்னேன். அண்ணா ஒருவரும் நிற்கவில்லை. வீதிக்கு வந்து தேத்தண்ணிக் கடையில் இருந்தேன், கை நடுங்கியது. இரண்டு ஞாயிறு வீட்டில் இருந்தேன். மூன்றாவது ஞாயிறு பெத்தகானவுக்குப் போனேன்.

அதிலிருந்து நான் வைத்திருக்கிற ஒழுங்கு இதுதான். தனியாகப் போகிறதென்றால் சீட்டு வாங்கி உள்ளே போகிற, வாசலில் ஆள் இருக்கிற இடம். 18 ஹெக்டேர்தான் பெத்தகான, பலகைப் பாதையில் எங்கே நின்றாலும் வாசல் தூரமில்லை. ஒவ்வொரு கிழமையும் ஒரே நாள், ஒரே நேரம் போகிறேன். இப்போது வாசலில் இருப்பவருக்கு என்னைத் தெரியும், நடக்க வருகிற மூன்று நாலு முதியவர்களுக்குத் தெரியும். ஒரு ஞாயிறு போகாவிட்டால் அடுத்த கிழமை "ஏன் வரவில்லை" என்று கேட்கிறார்கள். குளக்கட்டுகளுக்கு ஆள் நடமாட்டம் தொடங்கிய பிறகுதான், ஏழு மணிக்குப் பின்னர். காதில் பாட்டு மாட்டுவதேயில்லை. இருப்பிடம் அக்காவின் தொலைபேசிக்குப் போய்க்கொண்டே இருக்கும். 119 பொலிஸ், 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், இரண்டும் முதல் பக்கத்தில்.

இவ்வளவு செய்தும் பயம் முழுவதாகப் போகாது. எனக்கு அது பாதை தொடங்கி இருநூறு அடி வரைக்கும் கூட வரும். பிறகு ஏதாவது ஒன்று அசையும், கண் அங்கே போய்விடும்.

முதல் தடவை தியசருவுக்குப் போ. ஞாயிறு காலை அங்கே பிள்ளை குட்டிகளோடு ஆட்கள் வருவார்கள். தனியாகவும் இருக்கலாம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆட்களும் இருப்பார்கள்.

---

கொட்டகலையான் – மருதானை
ஜனவரி 13, பகல் 12.45

நான் மலையகத்துப் பிள்ளை, கொழும்பில் கடை வேலை. இந்த இழையை வாசிக்க அம்மா ஞாபகம் வந்தது.

எங்கள் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) மலைக்குப் போகிற பாதையில் அம்மா முப்பது வருடம் விடிய நடந்தார். பனி மூட்டம், பத்தடிக்கு அங்கால் ஒன்றும் தெரியாது. தேயிலைக்குள்ளே சிறுத்தை இருக்கும். இலங்கையில் சிறுத்தை யாலவில் மட்டும் இல்லை, தோட்டங்களிலும் பக்கத்துக் காட்டுத் துண்டுகளிலும் வாழ்கிறது. அம்மா இரண்டு தடவை கண்டிருக்கிறார். இரண்டு தடவையும் அது அவரைப் பார்த்து, தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. அதைச் சொல்லும்போது அம்மா குரலைத் தாழ்த்துவார், கோயிலில் கதைக்கிற மாதிரி. காட்டுப்பன்றிக்குக் கட்டுகிற கம்பிச் சுருக்கில் மாட்டிச் சிறுத்தை சாகும்போதெல்லாம் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது.

இப்போது அதே மலைகளில் பீகோ டிரெயில் என்று பாதை வந்திருக்கிறது. கண்டிப் பக்கம் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும், 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதி. வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டப் பாதைகளைச் சேர்த்துக் கட்டினது. 1867ல் தேயிலை வர்த்தகத்துக்காக முதலில் நட்ட லூல்கந்துர தோட்டத்தின் வழியாகவும் போகிறது. தனியாக நடக்க நல்ல பாதை, ஏனென்றால் காடு முடிந்தால் லயம் வரும், லயம் முடிந்தால் காடு வரும். தண்ணீர் கேட்டால் தேத்தண்ணியே தருவார்கள். நீங்கள் தமிழில் கதைத்தால் சோறு போடாமல் விட மாட்டார்கள். போகிறவர்கள் அந்தப் பாதையில் வேலைக்குப் போகிற பெண்களுக்கு வழி விட்டு நில்லுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

சிறுத்தையைக் கண்டால் ஓடாதீர்கள், குனியாதீர்கள். நிமிர்ந்து நின்று சத்தமாகக் கதையுங்கள், அது போக வழி விடுங்கள். அம்மா சொன்னது.

---

சிவா_கொள்ளுப்பிட்டி
ஜனவரி 13, இரவு 7.10

சிங்கராஜாவுக்குத் தனியாகப் போகலாமா? வில்பத்து?

---

ராஜன்_ந
ஜனவரி 13, இரவு 7.35

சிங்கராஜாவுக்கு வழிகாட்டி கட்டாயம். வில்பத்து, யால எல்லாம் ஜீப்பை விட்டு இறங்கக்கூடாது. தேசிய பூங்காவில் தன்பாட்டில் நடப்பதென்றால் ஹோட்டன் சமவெளி இருக்கிறது. உலக முடிவு என்கிற செங்குத்து மலை விளிம்பைத் தொட்டுச் சுற்றி வருகிற பாதை சுமார் 9 கிலோமீற்றர், பாதை தெளிவு. விடிய முதல் ஆளாகப் போனால் மரைகளை வழியிலேயே காணலாம். கண்டிக்குப் போனால் உடவத்தகெலே, தலதா மாளிகைக்குப் பின்னால் இருக்கிற காடு.

சிங்கராஜாவுக்கு வழிகாட்டியோடு போனாலும் அட்டை வரும். சவர்க்காரமோ சித்தாலேபத் தைலமோ காலில் பூசிக்கொண்டு போங்கள், கடித்த பிறகு பிய்த்து இழுக்காதீர்கள்.

---

மெல்லிய காற்று – கல்கிசை
ஜனவரி 14, காலை 9.00

யாரும் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். தனியாக நடக்கிற தமிழ் ஆண்களுக்கு இது.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கொழும்பில் நடக்க எனக்குப் பதினைந்து வருடம் எடுத்தது. ஏன் என்று என் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. சோதனைச் சாவடிக் காலத்தில் வளர்ந்தவன். கையில் கருவியோடு ஒரு புதருக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கிற தமிழன் என்றால் அப்போது என்ன அர்த்தம் என்று உடம்புக்குத் தெரியும். மூளை மறந்தாலும் உடம்பு மறக்காது.

ஐந்து வருடத்துக்கு முன்னர் தியவன்னா ஓரமாக, பாராளுமன்றம் தண்ணீருக்கு அங்கால் தெரிகிற ஒரு இடத்தில், நீலத் தாழைக்கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சீருடைக்காரர் ஒருவர் வந்து பெயர் கேட்டார், அடையாள அட்டை கேட்டார், தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தார். என் குரல் நடுங்கியது, சிங்களம் வாயில் வரவில்லை. "குருல்லோ பலனவா" என்று மட்டும் சொன்னேன், குருவி பார்க்கிறேன் என்று. அவர் தொலைநோக்கியை நான் காட்டின பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். நீல உடம்பு, சிவந்த கால், சிவந்த அலகு, தண்ணீர்ச் செடியைக் காலால் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. திருப்பித் தரும்போது, தன் ஊர்க் குளத்திலும் இது இருக்கிறது, இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை என்றார். அந்தப் பக்கம் கட்டடங்களை நோக்கிப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவமானமாகவும் இருந்தது, லேசாகவும் இருந்தது. இரண்டும் உண்மை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

இப்போது அடையாள அட்டையும் பறவைப் புத்தகமும் பையின் வெளிப்பக்கம். கட்டடம் இருக்கிற பக்கம் தொலைநோக்கியைத் தூக்குவதில்லை. காவலுக்கு ஆள் இருந்தால் நானே முதலில் போய் வணக்கம் சொல்லி, என்ன பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிடுவேன். தனிமை வேண்டித்தான் போகிறோம், ஆனால் அந்தத் தனிமை எல்லாருக்கும் ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை.

---

முகத்துவாரத்தான்
ஜனவரி 14, காலை 11.20

தம்பி, உங்கள் எழுத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஒரு நாள் காக்கைத்தீவுக்கு வாருங்கள். பக்கத்தில் நின்றாலும் கதைக்க மாட்டேன்.

---

பறவைப்பித்தன் – இராஜகிரிய
ஜனவரி 14, இரவு 8.15

ஆறுமணிக்குருவி பார்க்க வேண்டுமென்றால் இப்போதுதான் காலம். தொலைபேசியில் அதன் சத்தத்தைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் வெளியே வரும். நான் நேற்று மூன்று தடவை போட்டு நல்ல படம் எடுத்தேன்.

---

இலைக்கோழி
ஜனவரி 14, இரவு 8.40

அண்ணா, தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் குருவி இமயமலை அடிவாரத்திலும் இந்தியாவின் நடுப்பகுதியிலும் குஞ்சு பொரித்து, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உடம்போடு, இரவில் பறந்து இங்கே வருகிறது. வந்து சேருகிற ஒக்டோபர், நவம்பரில் களைத்துப் போய்க் கொழும்பு வீட்டு ஜன்னல் கண்ணாடிகளில் மோதி விழும். இங்கே அதற்கென்று ஒரு துண்டு நிலத்தைப் பிடித்து, அதற்குள் வேறொன்றை விடாமல் குளிர்காலத்தைக் கழிக்கும். நீங்கள் சத்தம் போட்டால் எதிரி வந்துவிட்டதென்று தீனியை விட்டுவிட்டு ஓடி வருகிறது. நீங்கள் மூன்று தடவை, உங்களுக்குப் பின்னால் வருகிறவர் மூன்று தடவை. அது எப்போது சாப்பிடும்?

(யார் வீட்டு ஜன்னலிலாவது மோதி விழுந்தால்: காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டி, இருட்டு, அமைதி. தண்ணீர் பருக்காதீர்கள். ஒரு மணித்தியாலத்தில் பெரும்பாலும் தெளிந்துவிடும், மரம் இருக்கிற பக்கம் திறந்துவிடுங்கள். தெளியாவிட்டால் 1992, வனசீவராசிகள் திணைக்களம்.)

---

பறவைப்பித்தன்
ஜனவரி 14, இரவு 9.30

எல்லாரும் செய்கிறார்கள் என்று செய்தேன் தம்பி. இப்படி யாரும் விளக்கவில்லை. விட்டுவிடுகிறேன்.

---

முகத்துவாரத்தான்
ஜனவரி 15, காலை 5.10

பொங்கல் நாளில் விடிய எழும்பி இதை எழுதுகிறேன், வீட்டில் மகள் பானை வைக்கிறாள்.

ஆறுமணிக்குருவிக்குச் சத்தம் போடத் தேவையில்லை பித்தன் தம்பி. அது தானாகச் சொல்லும், பெயரே அதுதானே. என் அப்பாவிடம் கைக்கடிகாரம் இல்லை. நாங்கள் அப்போது வத்தளைப் பக்கம், பின்னால் முத்துராஜவெலச் சதுப்பு. மார்கழி, தை மாதத்தில் பின்னேரம் இரண்டு சீழ்க்கை கேட்கும், ஒன்று ஏறி ஒன்று இறங்கி. அப்பா மண்வெட்டியை வைத்துவிட்டுக் கால் கழுவுவார். விடியவும் அதே சத்தம். பங்குனி, சித்திரையில் ஒரு நாள் சத்தம் நின்றுவிடும். "வந்தவர் போய்விட்டார்" என்பார் அப்பா. அடுத்த வருட மழைக்குப் பிறகு பார்க்கலாம்.

நான் அதைக் கண்ணால் கண்டது நாற்பது வயதில். அதுவரை காதால்தான் தெரியும். பச்சை முதுகு, மஞ்சள் கலந்த நெஞ்சு, வயிற்றடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வால் இருக்கா இல்லையா என்கிற மாதிரி. காய்ந்த இலைகளைத் தூக்கி எறிந்து புழு தேடிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்களாம்.

இப்படி எத்தனை பெயர் நம்மிடம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் புலுனி, செண்பகம். அந்தப் பெயர்களைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், இங்கிலீஷ் பெயர் பள்ளிக்கூடத்தில் வரும்.

---

ஒரு தகப்பன்
ஜனவரி 15, பகல் 3.00

இந்த மூன்று நாளாக இந்த இழையை வாசிக்கிறேன். மகளும் வாசித்தாள், நான்தான் காட்டினேன். முதலை, பாம்பு பற்றி இன்னும் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

---

தேன்சிட்டு
ஜனவரி 15, மாலை 6.30

அண்ணா, நியாயம்தான்.

முதலை: தண்ணீர் விளிம்பில் குந்தியிருக்க மாட்டேன், கால் நனைக்க மாட்டேன். பலகைப் பாதையும் கட்டின் மேற்பகுதியும் போதும். ஈரநிலத் தண்ணீரில் இறங்காமல் இருக்க எலிக்காய்ச்சல் இன்னொரு காரணம், அதற்கு முதலையை விட நான் பயப்படுகிறேன். பாம்பு: மூடின சப்பாத்து, பாதையை விட்டுப் புல்லுக்குள் போவதில்லை, கட்டையிலோ கல்லிலோ பார்க்காமல் கை வைப்பதில்லை. கடித்தால் கட்டுப்போடுவது, வெட்டுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் 1990க்கு அழைத்துப் பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகவும் தேவையில்லை. நாய்: ஓடக்கூடாது. என்னிடம் எப்போதும் குடை இருக்கும்.

கபரகொய்யாவைக் கண்டு பலர் முதலையென்று ஓடுகிறார்கள். கறுத்த உடம்பில் மஞ்சள் புள்ளி வரிசை, மூக்குத் துவாரம் முகத்தின் நுனியில். உடும்பு மண்ணிறம், அதன் துவாரம் கண்ணை நோக்கித் தள்ளி, கீறல் மாதிரி இருக்கும். இரண்டுமே வழி விட்டால் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஈரநிலங்களை அழகுக்காக மட்டும் வைத்திருக்கவில்லை. 2010 நவம்பர் வெள்ளத்தில் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் போனது நினைவிருக்கும். மழைத் தண்ணீரைத் தாங்கி வைத்திருப்பவை இந்தச் சதுப்புகள். 2018ல் உலகத்தில் முதன்முதல் ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரமென்று தெரிவான 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அதற்குப் பிறகும் ஓரங்களில் மண் கொட்டி நிரப்புவதை நான் என் கண்ணால் காண்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே பாதையில் போகிறவருக்குத்தான் போன கிழமை இருந்த தண்ணீர் இந்தக் கிழமை மண்ணாகியிருப்பது தெரியும். நான் திகதி போட்டுப் படம் எடுத்து வைக்கிறேன், முறைப்பாடும் எழுதுகிறேன். உங்கள் மகள் வந்தால் இன்னும் இரண்டு கண் கிடைக்கும்.

---

ஆறாம் மாடி
ஜனவரி 18, பகல் 11.15

போனேன்.

தியசரு. தனியாக. கொள்ளுப்பிட்டியில் 177 பஸ் எடுத்து, பத்தரமுல்லையில் இறங்கி, அங்கேயிருந்து த்ரீவீல். அம்மாவின் தொலைபேசிக்கு இருப்பிடம் அனுப்பிக்கொண்டே. வாசலில் சீட்டுத் தருகிறவரிடம் முதல் தடவை என்று சொன்னேன்.

முதல் அரை மணித்தியாலம் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. எல்லாம் பச்சை. என் காலடிச் சத்தம்தான் காதில் விழுந்தது. ஒரு ஆள் எதிரே வந்தார், நெஞ்சு படபடத்தது, அவர் தன்பாட்டில் போனார். திரும்பிவிடலாமா என்று இருந்தது. பிறகு அக்கா எழுதினது நினைவு வந்து ஒரு இடத்தில் நின்றேன். நேரம் பார்த்தேன், ஏழு முப்பத்தைந்து. சும்மா நின்றேன். அணில் ஒன்று விடாமல் கத்தியது, மேலே பார்த்தால் ஒரு சின்னப் பருந்து. அது போன பிறகு அணில் நிறுத்தியது. தும்பிகள் வந்தன, சிவப்பு, நீலம். நீர்க்காகம் ஒன்று தோய்ந்த உடுப்பு காயப்போட்ட மாதிரி இறக்கையை விரித்துக்கொண்டு கட்டையில் இருந்தது. மறுபடி நேரம் பார்க்கும்போது எட்டு இருபது.

ஒன்று மட்டும் என்னவென்று தெரியவில்லை. மிதக்கிற இலைகளுக்கு மேலால் நடந்து போனது. தண்ணீரில் தாழவில்லை. கால் விரல் உடம்புக்குப் பொருத்தமில்லாத நீளம். வெள்ளையும் மண்ணிறமும், கழுத்துக்குப் பின்னால் பொன் மாதிரி ஒரு மஞ்சள். படம் எடுக்கக் கை போகவில்லை. இது என்ன?

---

இலைக்கோழி
ஜனவரி 18, பகல் 11.22

அக்கா, அது என் பெயர்தான்.

நீளவால் இலைக்கோழி. இப்போது குளிர்காலம், நீளவால் விழுந்திருக்கும், அதனால் நீங்கள் வாலைக் காணவில்லை. முட்டையை அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான். இனப்பெருக்க காலத்தில் மறுபடி போய்ப் பாருங்கள், உடம்பு கறுத்து, வால் நீண்டு, வேறு பறவை மாதிரி நிற்கும்.

---

ஒரு தகப்பன்
ஜனவரி 18, இரவு 7.50

அடுத்த ஞாயிறு மகள் பெத்தகானவுக்குப் போகிறாள். நான் வாசலடியில் இருப்பேன், உள்ளே போக மாட்டேன். தேன்சிட்டுத் தங்கச்சி, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டுச் சொல்ல முடியுமா?